பொம்பிளைக் காரின் பொனற்றுக்குள் ஓர் இரவு

நாளைக் காலை நல்லூர்ப் பக்கத்துக் கலியாண மண்டபம் ஒன்றின் வாசலில் ஒரு மொறிஸ் மைனர் வந்து நிற்கும். கிறீம் நிற உடம்பு பளபளக்கும், பொனற்றில் மல்லிகைச் சரம் தொங்கும், பொம்பிளை இறங்கமுன்னமே பத்துப் பேர் கைப்பேசியைத் தூக்கிவிடுவார்கள். அந்த அழகை ஊரே பார்க்கும். ஆனால் அதே கார் முதல்நாள் இரவு என்ன கோலத்தில் கிடக்கிறது தெரியுமா? பின்சீற் வெளியே வாங்கில் கிடக்கிறது. டிக்கி ஆவென்று திறந்தபடி. டாஷ்போட்டுக்குக் கீழே வயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன; அந்தக் கால்களின் சொந்தக்காரர் பழைய படப் பாட்டொன்றை முணுமுணுக்கிறார். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது! வாருங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கால் வைக்கும்போது கீழே பார்த்து வையுங்கள். நிலம் முழுக்க நட்டும் போல்ற்றும்தான்.

கோண்டாவில் பஸ் டிப்போவைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் பலாமரம், அதன் கீழே தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டவர்களுக்கு வழி தெரியும். உள்ளே போனதும் முதலில் மூக்கில் ஏறுவது கிறீஸும் தின்னரும் கலந்த மணம். சுவரோரம் ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஒன்றின் கதவு சாத்தியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஏ நாற்பதின் முன் கிறில். பால்மாப் பேணிகளில் அளவு அளவாகத் திருகாணிகள். சில்லில்லாமல் கல்லில் நிற்கும் இன்னொரு காரின் பின்சீற்றில், நம்புங்கள், ஒரு கோழி அடைகிடக்கிறது. "அதைக் குழப்பாதேங்கோ. இருபத்தொரு நாள் முடியமட்டும் அந்தக் காரிலை கை வைக்கிறேல்லை" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வருகிறது.

குரலுக்குரியவரை எல்லாரும் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். மடித்துக் கட்டிய சாறம், காதில் பென்சில், மேற்சட்டைப் பையில் ஒரு சின்னப் பல்ப். அவருக்குக் கீழே வேலை பழகும் பெடியன் ஒருவன். காரின் சொந்தக்காரர் இளைப்பாறிய மாஸ்ரர். இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையின் நுனியில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறார். நாளைக்குப் பொம்பிளையாகப் போவது அவருடைய பேத்தி.

கார் 1955ஆம் ஆண்டுப் பிள்ளை. நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்து. சிறீ எழுத்து வரமுன்னமே பதிந்த கார் என்று மாஸ்ரர் பெருமையாகத் தட்டிக் காட்டுகிறார். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மேடை ஏறியது. 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அதில் கணிசமானவை இலங்கைக்கு வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டன. 60களிலும் 70களின் பெரும்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் எடுக்க வழியில்லை, இருந்ததைத் திருத்தித்தான் ஓடினோம். பிறகு யுத்தம். பழகிய கை விடுமா? தெற்கிலங்கையில் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு. பெத்த வீட்டுக்கே சீர் அனுப்பிய பிள்ளை!

இப்போது வருத்தம் என்ன என்று கேளுங்கள். கலியாணத்துக்காகக் காரை முழுதாகக் கழற்றிப் பெயின்ற் அடித்து நேற்றுத்தான் பூட்டி முடித்திருக்கிறார்கள். முன் ஹெட்லைற் ஜம்மென்று எரிகிறது. ஹோண் அலறுகிறது. ஆனால் பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிறேக் மிதித்தாலும் இல்லை, பார்க் லைற் போட்டாலும் இல்லை. போதாக்குறைக்கு இடப்பக்கத்துச் சிக்னல் கை வெளியே வரமாட்டேன் என்கிறது.

"பெயின்ற் அடிக்க முதல் எல்லாம் பத்தினதுதான் அண்ணை" என்கிறார் மாஸ்ரர், இந்த வசனத்தை ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்ட களைப்போடு.

"கலியாணம் கட்ட முதல் எல்லாரும் நல்லாத்தான் இருக்கினம் மாஸ்ரர்." அண்ணை காருக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறார். முகத்தில் ஒரு பக்கம் கரி. "பிள்ளை, எழுதுற ஆளோ? சும்மா நிக்காமல் உந்த ரோச்சைப் பிடியுங்கோ."

ரோச்சைப் பிடித்தேன். இனி நானும் வேலைக்காரிதான்!

பெடியன் பொனற்றைத் தூக்கிப் பற்றரியைக் காட்டுகிறான். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். இன்றைய கார்களில் பற்றரியின் மைனஸ் பக்கம்தான் உடம்போடு பூட்டியிருக்கும். இந்தக் கிழவரில் தலைகீழ்: பிளஸ் பக்கம் உடம்பில். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலதில் இதுதான் வழக்கம். தெரியாமல் இந்தக் காலத்துச் சாமானைக் கொழுவினால் என்ன நடக்கும்? மாஸ்ரரின் மருமகன் முந்தி ஒரு பாட்டுச் செற்றைக் கொண்டுவந்து இதில் பூட்டினாராம். "பாட்டு வரேல்லை. புகைதான் வந்தது" என்று அண்ணை கையை விரித்துக் காட்ட, மாஸ்ரருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. நாளைக்கும் காருக்குள் புளூடூத் பாட்டு வேண்டும் என்று பொம்பிளையின் தம்பி கேட்டிருக்கிறான். கைப்பேசியை மடியில் வைத்துப் பாட்டுப் போடச் சொல்லி அண்ணை தீர்ப்பு எழுதிவிட்டார்.

மின்சாரம் என்று வந்ததும் ஒரு பகிடியைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் கார்களின் மின் சாமான்கள் பெரும்பாலும் பர்மிங்ஹாம் லூக்காஸ் கொம்பனியுடையவை. அந்தக் கொம்பனியைத் தொடக்கிய ஜோசப் லூக்காஸுக்குப் பழைய கார்ப் பிரியர்கள் வைத்திருக்கும் பட்டம் 'இருட்டின் இளவரசர்'. ஆங்கிலேயர் ஏன் பியரைக் குளிராமல் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டுப் பிறிஜ்ஜையும் லூக்காஸ்தான் செய்ததாம்! பகிடியை நான் எடுத்துவிட, அண்ணை சிரிக்கவில்லை. "அவன் செய்த சாமான் எழுபது வருசமாய் நிக்குது. பிழை அவனிலை இல்லைப் பிள்ளை. பிறகு கை வைச்ச எங்களிலை."

அண்ணையின் சட்டைப் பையில் இருந்த பல்ப் ஞாபகம் இருக்கிறதா? இப்போது அது வெளியே வருகிறது. பல்ப்பில் இரண்டு நீள வயர். ஒன்றின் நுனியில் முதலைக் கிளிப், மற்றதில் கூராக்கிய சைக்கிள் கம்பி. அவருடைய முழு ஆய்வுகூடமும் இவ்வளவுதான்! மேசையில் டிஜிற்றல் மீற்றர் ஒன்றும் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொடுத்ததாம். பெடியன் அதை ஆசையோடு பார்க்கிறான். "மீற்றர் பன்ரெண்டு எண்டு காட்டும். ஆனா ஒரு பல்ப்பை எரிக்கிற பலம் அந்த வயரிலை இருக்கோ எண்டு இதுதான் சொல்லும்" என்று அண்ணை கிளிப்பைக் கொழுவுகிறார்.

அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எரியாத லைற்றுக்கு நேரே ஓடிப்போகக் கூடாது. பற்றரியில் தொடங்கி, பியூஸ், சுவிச்சு, வயர், பல்ப் என்று ஒவ்வொரு படியாக நடக்கவேண்டும். வெளிச்சம் எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கும் அடுத்த படிக்கும் இடையில்தான் கள்ளன். பற்றரி முனையில் தொட்டார், பல்ப் பளிச்சென்றது. பியூஸ் பெட்டிக்கு வந்தார். இந்தக் காரில் மொத்தமே இரண்டு பியூஸ். 35 அம்பியர் ஒவ்வொன்றும். ஒன்று ஹோணுக்கும் உள் லைற்றுக்கும். மற்றது சாவி திருப்பினால் வேலை செய்பவற்றுக்கு: வைப்பர், பெற்றோல் முள், சிக்னல் கை, பிறேக் லைற். ஹெட்லைற்றுக்குப் பியூஸே கிடையாது.

இரண்டாவது பியூஸைக் கழற்றிய அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக் குழாயைச் சுற்றி சொக்கிலற் வெள்ளித்தாள்! எப்போதோ பியூஸ் போன அவசரத்தில் சுற்றிய கைமருந்து. எந்த வருசத்துச் சொக்கிலற்றோ, எழுத்துக்கூட அழிந்துவிட்டது. "வயர் பத்தினாலும் உது பத்தாது. காரே எரிஞ்சிருக்கும்." புதுப் பியூஸ் போட்டாயிற்று. பின்லைற்? அசையவில்லை. ஆனால் ஒரு கண்டம் தப்பியது.

இனித்தான் எனக்குப் பிடித்த கட்டம். டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். பருத்தி நூல் பின்னிய பழைய வயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை. மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர் வருவது. பச்சை, பியூஸைத் தாண்டியது. நீலம் ஹெட்லைற், சிவப்பு பார்க் லைற், கறுப்பு ஏர்த். கேட்க எவ்வளவு இலகு! ஆனால் எழுபது வருடத் தூசியும் எண்ணெயும் ஏறியதில் எல்லாமே ஒரே நிறம்: ஊத்தை நிறம். அண்ணை பெற்றோல் நனைத்த துணியால் ஒரு வயரைத் துடைக்கிறார். பச்சை மெல்ல எட்டிப் பார்க்கிறது. "ஆ, வந்தார்" என்கிறார், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்கும் குரலில்.

பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகும் வழியில், கதவடிக் கம்பளத்துக்குக் கீழே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அண்ணை நின்றுவிட்டார். ரோச்சைக் கிட்டக் கொண்டுபோனேன். வயர் அறுந்து முறுக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் சைக்கிள் ரியூப்பிலிருந்து நாடாவாக வெட்டிய றப்பர், அதற்கு மேல் நூல். நூலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓர் இழை விலகாமல், கடைசிச் சுற்று உள்ளே செருகி முடிந்திருக்கிறது. ஒட்டுறேப் கிடைக்காத காலத்தில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை.

"இது தொண்ணூறுக்குப் பிறகு கட்டினது" என்கிறார் அண்ணை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அந்தக் கஷாயத்தையும் குடித்துக்கொண்டு ஓடின. பின்னால் புகை, முன்னால் நோயாளி, நடுவில் சாரதியின் பிரார்த்தனை. வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட அந்த நாட்களில் மின்சாரம் தெரிந்த ஒவ்வொரு கையும் ஊருக்கு வேண்டியிருந்தது. அண்ணை வேலை பழகியதும் அப்போதுதானாம்.

"வெட்டி எறிஞ்சுபோட்டுப் புது வயர் போடட்டோ?" பெடியன் குறட்டோடு தயார். அண்ணை ரெஸ்ற் பல்ப்பை முடிச்சுக்கு இந்தப் பக்கம் வைத்தார், எரிந்தது. அந்தப் பக்கம் வைத்தார், அதே பிரகாசம். "நல்லாத்தானே வேலை செய்யுது. விடு." கம்பளம் மறுபடி மூடிக்கொண்டது. நாளைக்குப் பொம்பிளையின் கூறைச்சேலை விளிம்பு அதற்கு மேல்தான் கிடக்கும்.

இடையில் சிக்னல் கைக்கு ஒரு சிறு சிகிச்சை. இளையவர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு ஒடுங்கிய பிளவு. சுவிச்சைப் போட்டால் அதற்குள்ளிருந்து செம்மஞ்சள் கண்ணாடி பதித்த ஒரு சின்னக் கை 'டக்' என்று வெளியே நீளும், உள்ளே பல்ப் எரியும். சுவிச்சை விட்டால் மடங்கிப் படுத்துவிடும். மினுங்கும் சிக்னல் மைனருக்கு வந்தது 1961இல்தான். இடப்பக்கத்துக் கை ஏன் வரவில்லை? அண்ணை மெல்லிய கத்தி நுனியை விட்டு நெம்ப, கை வெளியே வந்தது. கூடவே ஒரு குளவிக் கூடும் வந்தது! மண்ணால் கட்டிய அழகான கூடு. பெயின்ற்றுக்காரரின் கொட்டிலில் கார் நின்ற நாட்களில் யாரோ குடியேறியிருக்கிறார்கள். நல்லகாலம், வீட்டுக்காரர் இல்லை.

சுத்தம் செய்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு, சுவிச்சைப் போட்டதும், டக்! கை நீண்டது. கொட்டிலில் இருந்த அத்தனை பேரும் 'ஓ' என்று கத்தினோம். மாஸ்ரர் எழுந்துவந்து தானே சுவிச்சைப் போட்டும் விட்டும் விளையாடத் தொடங்கினார். "கையாலை இழுத்துப் பாக்க வேண்டாம் எண்டு மண்டபத்திலை சின்னப்பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ" என்றார் அண்ணை. சின்னப்பிள்ளைகளுக்குச் சொன்னபடி மாஸ்ரரைத்தான் பார்த்தார்.

பிளேன்ரீ வந்தது. இஞ்சி போட்டது, கையில் கொட்டிய சீனியோடு. சாவி திருப்பியபடி இருந்ததால் எஞ்சின் பக்கத்திலிருந்து 'டிக், டிக், டிக்' என்றொரு சத்தம். வெடிகுண்டு இல்லை, பயப்படாதீர்கள். மின்சாரத்தில் ஓடும் பெற்றோல் பம்ப். காபுரேற்றர் நிறைந்ததும் தானாக ஓய்ந்துவிடும். சிலவேளை நடுவழியில் உறங்கியும் போகும். அப்போது என்ன செய்வது? மாஸ்ரர் தயங்காமல் ஒரு ஸ்பனரை எடுத்து அதன் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். முப்பது வருடமாக இதுதான் வைத்தியம் என்றார். அண்ணை தலையில் கை வைத்தார்.

திரும்பப் பின்பக்கம். பல்ப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், நல்லது. பெடியன் அதற்கு முன்னமே புதுப் பல்ப்பும் போட்டுப் பார்த்துவிட்டான். பிறேக்கை மிதிக்கச் சொல்லி, பல்ப் பூட்டும் வாய்க்குள் ரெஸ்ற் பல்ப்பை விட்டால் பளிச்சென்று எரிகிறது. கறன்ற் அதுவரைக்கும் வந்திருக்கிறது! ஆனால் காரின் சொந்தப் பல்ப்பைப் போட்டால் எரியாது. "வாசல்மட்டும் வந்து நிண்டுகொண்டு உள்ளுக்கை வரமாட்டன் எண்டுது" என்று பெடியன் புலம்ப, அண்ணை தாடியைச் சொறிகிறார். நேரம் ஒன்பதைத் தாண்டுகிறது. கொட்டில் முழுக்க வியர்வை. மாஸ்ரரின் கைப்பேசி இடைவிடாமல் அடிக்கிறது. பூக்கட்டுபவர், வீடியோக்காரர், சம்பந்தி வீடு.

அப்போதுதான் ஊரே இருட்டானது. கறன்ற் போய்விட்டது.

"அப்பாடா" என்றார் அண்ணை. நான் ரோச்சைத் தூக்கினேன். "நூருங்கோ பிள்ளை, நூருங்கோ. எல்லாத்தையும் நூத்துப்போட்டு உள்ளை ஏறிப் பிறேக்கை மிதியுங்கோ."

ஏறினேன். மிதித்தேன். கும்மிருட்டில் யாரும் பேசவில்லை. பிறகு பெடியன் கத்தினான்: "அண்ணை, முன்னாலை பத்துது!"

கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன். ஹெட்லைற்றுக்குக் கீழே இருக்கும் சின்னப் பார்க் லைற் இரண்டும் அணைந்துகொண்டிருக்கும் தணல் நிறத்தில் மங்கலாக எரிகின்றன. காலை எடுத்தேன்; அணைந்தன. மிதித்தேன், எரிந்தன. பிறேக்கை மிதித்தால் பின்னால் எரியவேண்டியது முன்னால் எரிகிறது! இவ்வளவு நேரமும் கொட்டிலின் வெளிச்சத்தில் இந்த மினுக்கம் எங்கள் கண்ணில் படவே இல்லை. மாஸ்ரர் மெதுவாக முருகா என்றார். அண்ணைக்கோ முகமெல்லாம் சிரிப்பு என்பது இருட்டிலும் குரலில் தெரிந்தது. "பிடிச்சாச்சு. ஏர்த் இல்லை."

அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். பின் பல்ப்புக்குள் இரண்டு இழை. ஒன்று பிறேக்குக்கு, மற்றது பார்க் லைற்றுக்கு. இரண்டுக்கும் கறன்ற் வரும் வழி வேறு. திரும்பிப் பற்றரிக்குப் போகும் வழி ஒன்றுதான், காரின் உடம்பு. அந்த வழி அடைபட்டால் பிறேக்குக்கு வந்த கறன்ற் என்ன செய்யும்? மற்ற இழைக்குள் புகுந்து, பார்க் லைற் வயர் வழியே பின்வாங்கி, முன்லைற்றுக்குப் போய், அங்கே உடம்பைக் கண்டுபிடித்து இறங்கும். அவ்வளவு சுற்றுச் சுற்றியதில் பலம் போய் எல்லாமே மங்கல். "கறன்ற் வாற வழியை எல்லாரும் பாப்பினம். திரும்பிப் போற வழியை ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்றார் அண்ணை. இந்தப் பழைய கார்களில் வரும் மின் வருத்தத்தில் முக்கால்வாசி இதுதானாம்.

திரும்பும் வழியை அடைத்தது யார்? மைனரின் மட்காட்டுகள் உடம்போடு ஒட்டி வார்த்தவை அல்ல, போல்ற்றால் பூட்டியவை. பின்லைற் இருப்பது பின் மட்காட்டில். மட்காட்டிலிருந்து உடம்புக்குக் கறன்ற் போவது அந்தப் போல்ற்றுகள் வழியாக. இந்த முறை ஒவ்வொன்றையும் கழற்றி, கறளை உரஞ்சி, உள்ளும் புறமும் ஓட்டையின் விளிம்பு வரைக்கும் பெயின்ற் அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். அவ்வளவு திருத்தமான வேலை! ஒரு இடத்திலும் இரும்பும் இரும்பும் தொடவில்லை.

அடுத்த ஒழுங்கையிலிருந்து பெயின்ற்றுக்காரரைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கையைக் கழுவியபடியே ஓடிவந்தார். விசயம் விளங்கியதும் அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டுமே! "சுரண்டப் போறியளோ? மூண்டு கோற் அடிச்சனான் அண்ணை!" உள்பக்கம்தான், ஒருவருக்கும் தெரியாது என்று அண்ணை சத்தியம் செய்தார். அப்படியும் மனிதருக்கு மனம் ஆறவில்லை. அரத்தாளைத் தானே வாங்கிக்கொண்டு, ரோச்சைத் தன் வாயில் கவ்விக்கொண்டு, டிக்கிக்குள் அரை உடம்பை நுழைத்து, ஒரு போல்ற்றின் தலை அளவுக்குமட்டும் வட்டமாக, பூப்போலச் சுரண்டினார். வெள்ளி நிறத்தில் இரும்பு தெரிந்தது. மற்றப் பக்கமும் அப்படியே. போல்ற்றுக்குக் கீழே பல்வைத்த வாசர் போட்டு இறுக்கினான் பெடியன். நாளைக்கு மறுபடி கறள் பிடித்தாலும் வழி இருக்கட்டும் என்று இரண்டு லைற்றிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயரை இழுத்து உடம்பில் பூட்டிவிட்டார் அண்ணை.

"மிதியுங்கோ பிள்ளை."

மிதித்தேன். பலாமரத்தின் அடி முழுக்கச் சிவந்துபோனது! பெயின்ற்றுக்காரர் கைதட்டினார், பெடியன் விசிலடித்தான், அடைகிடந்த கோழி கொக்கரித்து ஆட்சேபம் தெரிவித்தது. மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வியர்வை என்றார். அதே நேரம் பார்த்து ஊருக்கும் கறன்ற் வந்தது. எங்கள் வெளிச்சத்துக்கு முன்னால் அதை யாரும் கவனிக்கவில்லை.

வேலை முடிந்ததா என்றால், இல்லை. ஹெட்லைற்றைத் தாழ்த்தும் சுவிச்சு இந்தக் காரில் தரையில், கிளச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இடக்காலால் மிதிக்கவேண்டும். செருப்பு மண் ஏறி அது இறுகியிருந்ததால் அதையும் கழற்றித் துடைத்தார்கள். வயர்களை உள்ளே தள்ளி, சீற்றைப் பூட்டி, பொனற்றில் இருந்த கைரேகைகளை மாஸ்ரர் தன் துவாயால் துடைத்தார். ஸ்ராட்டர் குமிழை இழுத்ததும் 803 சீசீ எஞ்சின் ஒரு செருமலோடு எழும்பியது. ஒழுங்கை முடக்கில் இடக்கை டக்கென்று நீள, சிவப்பு லைற் இரண்டும் ஒருமுறை எரிந்து காட்ட, கார் பெரிய வீதிக்குத் திரும்பி மறைந்தது.

அண்ணையிடம் கூலி எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். பேத்தியின் கலியாணத்துக்குப் போய் நல்லாய்ச் சாப்பிடுவேன் என்றார். வெள்ளித்தாள் சுற்றிய பியூஸைமட்டும் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார், வருபவர்களுக்குக் காட்ட.

உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் ஒரு மொறிஸோ ஒஸ்ரினோ நின்றால் அண்ணை சொல்லிவிட்டது இவ்வளவுதான். வயரில் கை வைக்கமுன் பற்றரியைக் கழற்றுங்கள். பியூஸ் போனால் பியூஸே வாங்கிப் போடுங்கள். லைற் மங்கினால் பல்ப்பை ஏசமுன் ஏர்த்தைப் பாருங்கள். பெயின்ற் அடிக்கக் கொடுத்தால் மட்காட் போல்ற்றுக்குக் கீழே ஒரு காசளவு இரும்பைச் சும்மா விடச் சொல்லுங்கள். கலியாணம் என்றால் ஒரு கிழமைக்கு முன்னமே காரைக் கொண்டுபோங்கள். முதல்நாள் பின்னேரம் போனாலும் திருத்தித் தருவார்தான். ஆனால் ஏச்சும் சேர்த்துத்தான் கிடைக்கும்.